விளையாட்டுப் பிள்ளையா, நுகர்வோரா? வீடியோ கேம் வாங்கியவரின் கதை

குடவாசல் என்றதும் இலக்கியம் படித்தவர்களுக்கு நினைவுக்கு வருபவர் சேரமான் கணைக்கால் இரும்பொறை. சோழனிடம் போரில் தோற்று, குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்த அந்த மன்னன் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டான். உடனே கிடைக்கவில்லை. பிறகு கொண்டுவந்து கொடுத்த தண்ணீரை அவன் குடிக்கவில்லை. தன் மனக்குறையைப் பாட்டாகச் சொல்லிவிட்டு இறந்தான் என்கிறது புறநானூற்றின் 74ஆம் பாட்டுக்குரிய பழங்குறிப்பு. அந்தக் குடவாயில்தான் இன்றைய குடவாசல் என்று சொல்வதுண்டு. கேட்டது ஒழுங்காகக் கிடைக்காததைப் பதிவு செய்துவைத்த பழைய ஊர்களில் இதுவும் ஒன்று என்று விளையாட்டாகச் சொல்லிக்கொள்ளலாம்!

ஆனால் அதே ஊர்ப்பக்கத்தில், காசு கொடுத்து வாங்கியும் அதைப்பற்றிப் புகார் எழுதலாம் என்றே மக்களுக்குத் தோன்றாத ஒரு பொருள் இருந்தது. அது வீடியோ கேம்.

1990களில் கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் என்று டெல்டா ஊர்களுக்கு வந்த வீடியோ கேம் பெட்டிகள் பெரும்பாலும் நகல்கள். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற பெட்டியைப் பார்த்துச் செய்தவை. டிவியில் இணைத்து, மேலே ஒரு 'கேசட்' செருகினால் மரியோ வரும், கான்ட்ரா வரும். படம் வராவிட்டால் கேசட்டை வெளியே எடுத்து அடிப்பக்கத்தில் 'ஃபூ' என்று ஊத வேண்டும். வாரண்டி என்றால் அவ்வளவுதான். கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று அச்சிட்டிருப்பார்கள். போட்டுப் பார்த்தால் சில பத்து ஆட்டங்களே திரும்பத் திரும்ப வேறு வேறு எண்களில் வரும். இன்றைய சட்ட மொழியில் இதற்குப் பெயர் தவறாக வழிநடத்தும் விளம்பரம். அன்றைக்கு அது ஒரு நகைச்சுவை, அவ்வளவே.

சட்டம் இல்லாமல் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986 டிசம்பர் 24 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதற்கு ஓராண்டு முன்பே, 1985இல், சென்னையில் சி.ஏ.ஜி. என்ற அமைப்பு நுகர்வோருக்காகவும் நகரவாசிகளுக்காகவும் தொடங்கப்பட்டிருந்தது. பள்ளி, கல்லூரிகளில் குடிமக்கள் நுகர்வோர் மன்றங்களும் பின்னால் வந்தன. அங்கே மாணவர்கள் கற்றது ஐ.எஸ்.ஐ., அக்மார்க் முத்திரைகள், எடைக்கல், காலாவதித் தேதி, கலப்படம். எல்லாம் தேவையானவைதான். ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருந்த பையன் தன் கைக்காசைச் செலவு செய்த பொருள் அந்தப் பட்டியலில் இல்லை.

புகார் செய்யாததற்கு இன்னும் எளிய காரணங்களும் உண்டு. முதலில், பில் கிடையாது. பெட்டியின் மேல் தயாரிப்பாளர் பெயரும் கிடையாது. அப்புறம் தூரம். பழைய சட்டப்படி எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ, பிரச்சினை எழுந்த இடத்திலோதான் வழக்குப் போட முடியும். சில நூறு ரூபாய் கேசட்டுக்காக யார் பஸ் ஏறுவார்கள்? நூறு பேருக்குத் தலைக்கு நூறு ரூபாய் நட்டமானால் மொத்தம் பத்தாயிரம். ஆனால் அந்த நூறு பேரில் ஒருவருக்குக்கூடத் தனியாக வழக்குப் போடும் அளவுக்கு நட்டமில்லை. நுகர்வோர் சங்கம் என்ற ஒன்று எதற்கு வேண்டும் என்றால் இதற்குத்தான்.

விதை நெல்லோடு ஒப்பிட்டால் டெல்டாக்காரர்களுக்கு இது உடனே புரியும். விதை பொய்த்துப்போன விவசாயி நுகர்வோர்தானா என்று பல ஆண்டுகள் வாதாடினார்கள். விளைச்சலை விற்பதால் அவர் வியாபாரி என்பது விதை நிறுவனத்தின் பக்கத்து வாதங்களில் ஒன்று. 2012 ஜனவரியில் தேசிய விதைக் கழகம் தொடர்பான ஆந்திர வழக்கில் உச்ச நீதிமன்றம், விவசாயியும் நுகர்வோரே என்று உறுதியாகச் சொன்னது. சட்டத்தில் ஒரு சொல் எழுதப்பட்டிருப்பதும், அந்தச் சொல்லுக்குள் நாமும் இருக்கிறோம் என்று நிலைநாட்டுவதும் வேறு வேறு வேலைகள். விவசாயிகளுக்கே கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

வீடியோ கேம் ஆடுபவர்களுக்கு அந்த வேலையைச் செய்ய அமெரிக்காவில் 2006இல் ஒரு சங்கம் தொடங்கியது. பெயர் என்டர்டெயின்மென்ட் கன்ஸ்யூமர்ஸ் அசோசியேஷன், சுருக்கமாக ஈ.சி.ஏ. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதைத் தொடங்கிய ஹால் ஹால்பின் அதற்கு முன் கேம் விற்கும் கடைக்காரர்களின் சங்கத்தை நடத்தியவர். தயாரிப்பாளர்களுக்கு ஒரு சங்கம், விற்பவர்களுக்கு ஒரு சங்கம் இருக்க, வாங்குபவர்களுக்கு ஒன்றும் இல்லை என்பது அவருக்கு உள்ளிருந்தே தெரிந்திருக்கும்.

அந்தச் சங்கத்தின் பெரிய சோதனை கலிபோர்னியா வழக்கு. வன்முறை நிறைந்த கேம்களைச் சிறுவர்களுக்கு விற்றால் 1000 டாலர் வரை அபராதம் என்று அந்த மாநிலம் 2005இல் சட்டம் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனபோது, தயாரிப்பாளர்களும் கடைக்காரர்களும் ஒரு பக்கம் வாதாட, ஈ.சி.ஏ. ஆட்டக்காரர்களின் சார்பில் தனியாக ஒரு மனு கொடுத்தது. 2011 ஜூன் 27 அன்று 7க்கு 2 என்ற கணக்கில் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. இங்கே வாங்குபவரும் விற்பவரும் ஒரே பக்கம். ஆனால் அதே ஆண்டு இறுதியில் 'சோபா' என்ற இணையத் திருட்டுத் தடுப்பு மசோதா வந்தபோது தயாரிப்பாளர் சங்கம் ஆதரித்தது, ஈ.சி.ஏ. எதிர்த்தது. 2012 ஜனவரியில் தயாரிப்பாளர் சங்கமும் ஆதரவைத் திரும்பப் பெற்றது. தனிச் சங்கம் ஏன் வேண்டும் என்பதை முதல் வழக்கைவிட இந்த இரண்டாவது சண்டைதான் நன்றாகக் காட்டியது.

சில நாடுகளில் தனிச் சங்கம்கூடத் தேவைப்படவில்லை. ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் 2014இல் வால்வ் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. வால்வின் ஸ்டீம் கடையில் வாங்கிய கேம் ஓடாவிட்டாலும் பணம் திரும்பக் கிடைக்காது என்று சொன்னதுதான் குற்றம். 2016 டிசம்பரில் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2015 ஜூனில், ஸ்டீம் உலகம் முழுவதற்கும் பணம் திருப்பித் தரும் விதியைக் கொண்டுவந்தது: வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால். குடவாசலில் இருந்து ஒருவர் இன்று ஸ்டீமில் கேம் வாங்கினாலும் இதே விதிதான். பிரான்ஸில் 1951இல் தொடங்கிய பழைய நுகர்வோர் சங்கமான யூ.எஃப்.சி. க்யூ ஷ்வாசீர், வாங்கிய டிஜிட்டல் கேமை மறுபடி விற்கும் உரிமை கேட்டு அதே வால்வோடு மோதியது. 2019இல் வென்றது, 2022இல் மேல்முறையீட்டில் தோற்றது. எல்லாச் சண்டையும் ஜெயிப்பதில்லை.

தமிழ்நாட்டில் பேச்சு வேறு திசையில் போனது. செல்போனும் மலிவான டேட்டாவும் வந்தபின் பப்ஜி வந்தது. ஆடுகிற பிள்ளைகளைப் பற்றிப் பேசியதெல்லாம் 'அடிமையாகிவிட்டார்கள்' என்றுதான். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. அதில் பப்ஜியும் ஒன்று. அக்டோபர் 30 அன்று இந்தியாவுக்கான சேவை நின்றது. காசு போட்டு உடையும் துப்பாக்கி வண்ணமும் வாங்கியவர்களின் பணம் என்ன ஆனது என்ற கேள்வியைப் பெரியவர்கள் பெரிதாகக் கேட்கவில்லை. பிள்ளைகளும் வீட்டில் கேட்கத் துணியவில்லை (வாங்கியதே அப்பாவுக்குத் தெரியாமல் என்றால் எப்படிக் கேட்பது!). 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் ஆட்டம் திரும்பியபோது பழைய கணக்கை மாற்றிக்கொள்ள நிறுவனமே வழி செய்தது. அது நிறுவனம் தானாகக் கொடுத்தது. யாரும் கேட்டு வாங்கிய உரிமை என்று சொல்ல முடியாது.

ஆன்லைன் ரம்மி பிரச்சினை இதைவிடக் கொடியது. உயிர்கள் போயின. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022இல் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. 2025இல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டத்துக்குத் தடை என்ற விதி வந்தது; உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்தியச் சட்டம் பண ஆட்டங்களையே தடை செய்தது. இவை அவசியமான சட்டங்கள்தான். ஆனால் இவற்றில் ஆடுபவர் காப்பாற்றப்பட வேண்டியவராக மட்டுமே வருகிறார். சூதாட்டமே இல்லாத ஒரு கேமைக் காசு கொடுத்து வாங்கி ஏமாந்தவருக்கு இவற்றில் இடமில்லை.

அப்படி ஏமாந்தவர்களின் கதைதான் 2024இல் உலகச் செய்தியானது. யுபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் விற்ற 'தி க்ரூ' என்ற கார் ஓட்டும் கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. தனியாக ஆடுவதற்கும் சர்வர் தேவை என்பதால், காசு கொடுத்து வாங்கிய வட்டு வெறும் தட்டாகிவிட்டது. ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அவர் கேட்டது சிறிய விஷயம்: சர்வரை என்றென்றும் நடத்த வேண்டாம், நிறுத்தும்போது வாங்கியவர் ஆடும் நிலையில் விட்டுவிட்டுப் போங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், உரிமம் மட்டும் தரும் கடைகள் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் போடக்கூடாது.

இந்தியாவில் இதற்கு என்ன இருக்கிறது? நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டம் டிஜிட்டல் பொருட்களையும் ஆன்லைன் கொள்முதலையும் பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டது. வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நிறுவனம் எந்த நாட்டில் இருந்தாலும் குடவாசல்காரருக்குத் திருவாரூர் போதும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. வெளிநாட்டு நடுவரிடம்தான் போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், நடுவர் விதி நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்று 2018 டிசம்பரில் ஒரு ரியல் எஸ்டேட் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. பதிவு பெற்ற நுகர்வோர் சங்கம், தன் உறுப்பினர் அல்லாதவருக்காகவும் புகார் கொடுக்கலாம். ஒரே குறை உள்ள பலருக்காகச் சிலர் அனுமதி பெற்று வழக்கு நடத்தலாம். அந்த நூறு ரூபாய்க் கணக்குக்கு விடை இந்த இரண்டு பிரிவுகளில்தான் இருக்கிறது.

ஓட்டைகளும் உண்டு. இலவசமாகத் தரும் சேவை சட்டத்துக்குள் வராது. பப்ஜி போன்றவற்றில் ஆட்டம் இலவசம், உள்ளே வாங்கும் பொருளுக்குத்தான் காசு; நிறுவனம் அங்கேதான் பிடித்துக்கொள்ளும். நியாயமற்ற ஒப்பந்தம் என்று வாதாட வேண்டுமென்றால் மாவட்ட ஆணையம் போதாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். கெடுவும் இருக்கிறது: பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. இங்கே ஒருவர் 'தி க்ரூ' வாங்கியிருந்தால், சர்வர் நின்ற நாளிலிருந்து எண்ணினால் அவருக்கான கெடு 2026 மார்ச் 31. அதற்குப் பின் போனால் தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் ஆணையத்தின் விருப்பம்.