குழி தோண்டியவர்

சானிட்டரி இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டினால் நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். 'என் வீட்டுக் கழிவுத் தொட்டியில் இவருக்கு என்ன வேலை?' என்ற எண்ணந்தான். என்ன வேலை என்பதை லண்டன் பிராட் தெரு 1855-லேயே சொல்லிவிட்டது.

1854 ஆகஸ்டு இறுதியில் அங்கே காலரா புகுந்தது. அறுநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். தெருப் பம்பின் தண்ணீர்தான் எமன் என்றார் டாக்டர் ஜான் ஸ்னோ. செப்டம்பர் 8-ந் தேதி பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. ஆனால், கிணற்றைச் சோதித்தவர்கள் பழுது ஒன்றும் காணவில்லை. கிணற்றுக்குள்தானே தேடினார்கள்!

ஸ்னோவை முதலில் நம்பாத பாதிரியார் ஹென்றி ஒயிட்ஹெட், மரணப் பதிவேட்டைப் புரட்டினார். பம்பை அடுத்த 40-ம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தை பேதியில் இறந்திருந்தது. அதன் துணிகளை அலசிய நீரைத் தாய் வீட்டு மலக்குழியில் கொட்டியிருந்தாள். 1855 ஏப்ரலில் யார்க் என்ற சர்வேயர் அந்தக் குழியைத் தோண்டிப் பார்த்தார். செங்கற்கள் கையோடு பெயர்ந்து வந்தன. குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்றடிகூட இல்லை. நடுவிலிருந்த மண் கழிவில் ஊறிக் கிடந்தது.

அதே ஆண்டு பிறந்த சட்டம், இங்கிலாந்தின் ஊராட்சி அமைப்புகள் சானிட்டரி இன்ஸ்பெக்டர்களை நியமிக்க வேண்டுமென்றது. வீடு புகுந்து சோதிக்கவும் வழி செய்தது.

உலகம் ஸ்னோவைக் கொண்டாடுகிறது, கொண்டாடட்டும். நான் யார்க்கின் மண்வெட்டிக்கும் ஒரு கும்பிடு போடுவேன். அந்தத் தாய் குற்றவாளியல்ல. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குக் குழி கசிவது எப்படித் தெரியும்? தெரிந்து சொல்லத்தான் அந்த உத்தியோகம்.