பெட்டியின் சாவி யாரிடம்?

குமுளி மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் டிவிக்கு வெகுகாலம் முன்பே மின்சாரம் பிறந்துவிட்டது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் ராட்சதக் குழாய்களில் இறங்கி வந்து சுழலிகளைச் சுழற்றத் தொடங்கியது 1950களின் இறுதியில். சென்னைத் தொலைக்காட்சியோ 1975 ஆகஸ்ட் 15 அன்றுதான் தொடங்கியது. கொடைக்கானல் டிவி ஒளிபரப்பு நிலையம் வந்த பிறகு தென் மாவட்டத்து மொட்டைமாடிகளில் ஆன்டெனாக்கள் பெருகின.

அன்று டிவியை வெளியுலகோடு இணைத்தது ஒரு தட்டை வயர். அதன் இரண்டு முனைகளையும் சீவி, டிவியின் முதுகிலிருந்த இரண்டு திருகுகளில் முறுக்கினால் வேலை முடிந்தது. படம் புள்ளியடித்தால் ஒரு பூஸ்டர். வீட்டுக்காரரே எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளலாம்.

1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி வந்தது. தட்டை வயர் போய், உருண்டை வயர் வீடு புகுந்தது. கேபிள்காரர் மாடியில் பெரிய டிஷ் வைத்தார். கம்பத்துக்குக் கம்பம் வயர் இழுத்தார். சிக்னல் தளரும் இடங்களில் ஆம்ப்ளிஃபையர் மாட்டினார். 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் தலைமைத் தபால் நிலையத்தில் பதிவுசெய்துகொள்ள வேண்டியிருந்தது. படம் நின்றால் அடுத்த தெருவில் இருக்கும் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். அந்த நெருக்கத்துக்கு ஒரு மதிப்பு இருந்தது.

2011 செப்டம்பர் 2-இல் சென்னை நீங்கலாக மற்ற மாவட்டங்களில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. லோயர் கேம்ப் இருக்கும் தேனி மாவட்டமும் அதில் உண்டு. ஏழை வீடுகளுக்கு அது பெரிய ஆறுதல்.

2017 செப்டம்பரில் அரசு கேபிளின் இலவச செட்டாப் பாக்ஸ் விநியோகம் தொடங்கியது. படம் துல்லியமானது. கூடவே இன்னொன்றும் மாறியது. சேனல்கள் பூட்டப்பட்டே வருகின்றன. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எண். அதைத் திறக்கும் அனுமதி எங்கோ இருக்கும் கணினியிலிருந்து வர வேண்டும். வயர், பிளக், ரிமோட் எல்லாம் சரியாக இருந்தும் படம் வராமல் போகலாம்.

2022 நவம்பரில் அதுதான் நடந்தது. பெட்டிகளையும் மென்பொருளையும் தந்த தனியார் நிறுவனத்தோடு அரசு கேபிளுக்குப் பணத் தகராறு. மென்பொருள் முடங்கி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இருண்டன. சந்தாதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தவர்கள் உள்ளூர் கேபிள்காரர்கள். அவர்கள் கையில் எதுவும் இல்லை. பலர் தனியார் இணைப்புக்கு மாறினார்கள்.

இப்போது ஃபைபரும், டிவியில் செருகும் குச்சிகளும் வந்துவிட்டன. அவற்றின் சாவியும் வெளியூரில்தான். தனியாருக்கு அது வியாபாரம். மக்கள் பணத்தில் நடக்கும் அரசு கேபிளாவது தன் பெட்டியைத் திறக்கும் மென்பொருளைத் தன் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.