பொட்டலம் கட்டியவர்கள்

போன சித்திரையில் எம்.ஏ. மாணவிகள் பதினோரு பேருடன் திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வரை இரண்டு நாள் நடந்தேன். தகட்டூர் தாண்டுவதற்குள் எல்லோருக்கும் நாக்கு வறண்டுவிட்டது. அறுப்பு முடிந்த வயல்கள் வெடித்துக் கிடந்தன. 1930 ஏப்ரலில் ராஜாஜியின் உப்புப் படை இதே வெயிலில்தான் வந்தது.

ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து கிளம்பிய ஏறக்குறைய நூறு தொண்டர்கள், தஞ்சைச் சீமையை ஊர் ஊராகக் கடந்து 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். சுமார் 150 மைல். அவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் சிறை என்று கலெக்டர் தார்ன் அறிவித்திருந்தார். ஆனாலும் வழியோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. ஆற்றங்கரையில் உணவுப் பாத்திரங்கள் புதைத்து வைக்கப்பட்டன. கலெக்டர் ஏமாந்த கதை என்பதால் இன்றும் மேடைகளில் இது ருசியாகச் சொல்லப்படுகிறது.

புளியமர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரிக்கும்போது ஒரு மாணவி கேட்டாள்: “அந்தப் பொட்டலத்த யாரு மேடம் கட்டினாங்க?”

தொங்கின, புதைக்கப்பட்டன. நானும் வகுப்பில் பல வருடம் இப்படித்தான் சொல்லியிருக்கிறேன். வினை இருக்கிறது, ஆளைக் காணோம். தொண்டர்களை உபசரித்துச் சிறை சென்ற கும்பகோணம் பந்துலு ஐயரின் பெயர் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். ஆனால் நூறு பேருக்குச் சோறு என்றால் நெல்லை அவித்து, காயவைத்து, குத்தி, புடைத்து, வடித்தாக வேண்டும். அன்றைய டெல்டா வீடுகளில் அது யார் வேலை என்பதற்குச் சாட்சி தேடவேண்டியதில்லை. போலீசின் கண் வாசலில் இருந்தது. அடுப்பு கொல்லைப்பக்கம் எரிந்தது. அந்த அடுப்படிக்கும் ஓர் எல்லை உண்டு. நாற்று நட்டு, கதிர் அறுத்துக் கொடுத்த சேரிப் பெண்கள் மிராசுதார் வீட்டு அடுப்படியில் கால்வைக்க முடியாது. தீண்டாமை கூடாது என்று பேசிக்கொண்டே போன படைக்கு வந்த சோற்றில் இந்தக் கணக்கும் சேர்ந்தே வெந்திருக்கும்.

அந்த மார்ச்சில் சபர்மதியிலிருந்து காந்தியோடு கிளம்பியவர்களும் ஆண்களே. பெண்களை விட்டதைச் சென்னையின் இந்திய மாதர் சங்கம் கண்டித்தது. வேதாரண்யத்தில் ருக்மணி லட்சுமிபதி உப்புச் சத்தியாக்கிரகத்தில் கைதானார். 1946இல் சென்னை மாகாண மந்திரியும் ஆனார். அவருக்குப் பெயர் கிடைத்தது.

மறுநாள் மாலை அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் தலையில் கூடையோடு வரப்பில் வந்த பெண்களிடம் நினைவுத்தூணுக்கு வழி கேட்டோம். கையைக் காட்டிவிட்டு, “சாப்பிட்டீங்களா?” என்றார் ஒரு அக்கா.