சுலோசன முதலியார் பாலம்

சுலோசன முதலியார் பாலம் என்பது திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்க, தாமிரபரணி ஆற்றின் குறுக்கே 1843-இல் கட்டி முடிக்கப்பட்ட வளைவுப் பாலமாகும். ஆட்சியாளர் பெயரையோ ஆங்கிலேயப் பொறியாளர் பெயரையோ தாங்காமல், கட்டுமானச் செலவை ஏற்ற தமிழர் ஒருவரின் பெயரை இது தாங்கி நிற்கிறது.

வரலாறு

பாலம் இல்லாத காலத்தில் இவ்விரு ஊர்களுக்கும் இடையே செல்வோர் படகையே நம்பியிருந்தனர். வெள்ளக் காலங்களில் அப்பயணம் ஆபத்தாக இருந்தது. மாவட்ட ஆட்சியர் ஈ. பி. தாம்சன் பாலம் அமைக்க முனைந்தார். பணமே பெரிய தடையாக நின்றது. அப்போது ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராகப் பணியாற்றிய சுலோசன முதலியார், சுமார் 50,000 ரூபாய் செலவைத் தாமே ஏற்றுக்கொண்டார். அன்றைய நிலையில் அது பெரும் செல்வம்.

வடிவமைப்பு

பாலத்தை வடிவமைத்தவர் டபிள்யூ. எச். ஹார்ஸ்லி. லண்டன் தேம்ஸ் ஆற்றின் மேல் ஜான் ரென்னி வடிவமைத்து, 1817-இல் திறக்கப்பட்ட வாட்டர்லூ பாலம் இதற்கு முன்மாதிரி. அதில் 9 வளைவுகள், இதில் 11.

பாலத்தின் நீளம் 760 அடி, அகலம் 21.5 அடி. ஒவ்வொரு வளைவின் இடைவெளியும் 60 அடி. எனவே 660 அடி நீர் செல்லத் திறந்திருக்கிறது. எஞ்சிய 100 அடியே தூண்களுக்கும் பிறவற்றுக்கும் உரியது. மேலே செல்லும் பாரத்தை வளைவு பக்கவாட்டில் பிரித்துத் தூண்களுக்கு அனுப்புகிறது. அடுத்தடுத்த வளைவுகள் ஒன்றையொன்று எதிர்த்து அழுத்துவதால் தூண்கள் சாயாமல் நிற்கின்றன. ஒரு வளைவு விழுந்தால் அண்டை வளைவுகளும் தாங்குதலை இழக்கும் என்பது இம்முறையின் குறை.

சேதமும் சீரமைப்பும்

1869-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் பாலத்தின் ஒரு பகுதி சேதமடைந்தது, 1871-இல் சீரமைக்கப்பட்டது. போக்குவரத்து பெருகியதால் பிற்காலத்தில் அகலப்படுத்தப்பட்டது. அண்மையில் அருகே புதிய பாலமும் எழுந்துள்ளது.

முன்மாதிரியான வாட்டர்லூ பாலம், ஆற்றோட்டம் அடித்தளத்தை அரித்ததால் தூண்கள் தாழ்ந்து, 1930-களில் இடிக்கப்பட்டது. நெல்லைப் பாலமோ 2023 டிசம்பர் வெள்ளத்தையும் தாண்டி நிற்கிறது. படகுக்காகக் காத்திருந்த மக்களுக்காக ஒருவர் கொடுத்த பொருள், 180 ஆண்டுகளைக் கடந்தும் பயன் தருகிறது. மாணவர்கள் இப்பாலத்தைக் கடக்கும்போது ஒருமுறை ஆற்றங்கரையில் இறங்கி, அந்த வளைவுகளை எண்ணிப் பார்க்கலாம்.