சம்பளவழிக் கார் குத்தகையும் ஆஸ்திரேலியாவின் மின்சாரக் கார் வரிவிலக்கும்

ஆஸ்திரேலியாவில் ஊழியர் ஒருவர் தம் சம்பளத்தின் ஒரு பகுதியை, வருமான வரி பிடிக்கப்படுவதற்கு முன்பே விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாகக் கார் ஒன்றைப் பெறும் ஏற்பாடு நோவேட்டட் லீஸ் எனப்படுகிறது. ஊழியர், நிறுவனம், நிதி நிறுவனம் ஆகிய மூவரும் கையெழுத்திடும் இந்த ஒப்பந்தத்தில் குத்தகைக்கு எடுப்பவர் ஊழியரே. எனினும் அவர் பணியில் இருக்கும்வரை தவணை கட்டும் பொறுப்பை நிறுவனம் ஏற்கிறது, பணி விலகினால் அப்பொறுப்பு அவரிடமே திரும்பிவிடுகிறது. 2022 ஜூலை 1 முதல் மின்சாரக் கார்களுக்கு அளிக்கப்பட்ட வரிவிலக்கு இம்முறைக்குப் புதிய வேகம் தந்தது. காரின் தன்மையைப் பார்த்துத் தரப்படும் ஊக்கமாக அவ்விலக்கு தோன்றினாலும், அதன் அளவைத் தீர்மானிப்பது வாங்குபவரின் வருமானம்தான் என்பதும், ஆகவே அது பயன்களைத் தவறான வரிசையில் பகிர்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

வாதத்தின் வேர் 1986ஆம் ஆண்டின் ஃபிரிஞ்ச் பெனிஃபிட் வரிச் சட்டத்தில் இருக்கிறது. சம்பளத்திற்குப் பதிலாகக் கார், வீடு, விருந்து எனப் பொருளாகவும் வசதியாகவும் கொடுத்து வருமான வரியைத் தவிர்க்கும் வழக்கத்தைத் தடுக்கவே, அத்தகைய பலன்களின் மீது நிறுவனம் செலுத்த வேண்டிய இந்தப் பலன் வரி கொண்டுவரப்பட்டது. அதன் விகிதம் 47 விழுக்காடு. அதாவது வருமான வரியின் உச்ச விகிதமான 45 விழுக்காட்டுடன் மெடிகேர் எனும் பொது மருத்துவத் திட்டத்திற்கான 2 விழுக்காட்டைக் கூட்டினால் கிடைக்கும் அளவு. காரின் பலனை அளக்க, பயணக் குறிப்பேட்டின் வழியே சொந்தப் பயன்பாட்டைப் பிரித்தெடுக்கும் முறை ஒன்றும், காரின் விலையில் ஒரு பங்கை அப்படியே பலனாகக் கொள்ளும் சூத்திர முறை ஒன்றும் உள்ளன. 2011 மே மாதத்திற்கு முன் அந்தப் பங்கு, ஆண்டில் ஓடிய தூரம் கூடக்கூடக் குறைந்தது: 15,000 கிலோமீட்டருக்குக் கீழே 26 விழுக்காடு, 40,000 கிலோமீட்டரைத் தாண்டினால் 7 விழுக்காடு. கூடுதலாக ஓட்டியவருக்கு வரி குறைந்ததால், பலன் வரி ஆண்டு முடியும் மார்ச் மாதத்தில் தேவையில்லாமல் காரை ஓட்டித் தூரத்தை எட்டத் தூண்டிய விதி அது. அதை நீக்கி 20 விழுக்காடு என்ற ஒரே அளவை நிறுவியது நல்ல திருத்தம். 2013இல் சூத்திர முறையையே கைவிட அன்றைய பிரதமர் ரட்டின் அரசு அறிவித்த திட்டம், அவ்வாண்டின் ஆட்சி மாற்றத்தோடு நின்றுபோனது.

ஜி.எஸ்.டி. உட்பட 60,000 டாலர் விலையுள்ள ஒரு பெட்ரோல் காருக்கு, குத்தகையும் ஓட்டச் செலவுமாக ஆண்டுக்கு 18,000 டாலர் ஆகிறது என்று கொள்ளலாம். சூத்திரப்படி பலனின் மதிப்பு 12,000 டாலர். வரிக்கு முந்தைய தொகையாக அதை உயர்த்துவதற்கான 2.0802 என்ற காரணியால் பெருக்கி 47 விழுக்காடு கணக்கிட்டால், பலன் வரி ஏறத்தாழ 11,732 டாலர் வருகிறது. நடுத்தர வருமானக்காரருக்கு இது கட்டுப்படியாகாது என்பதால், அவர் 12,000 டாலரை வரி கட்டிய பின் மிஞ்சும் பணத்திலிருந்து செலுத்திப் பலனின் மதிப்பைச் சுழியாக்கிக்கொள்கிறார். எஞ்சிய 6,000 டாலருக்கு மட்டுமே அவருக்கு வருமான வரி மிச்சமாகிறது. ஆண்டு வருமானம் 1,10,000 டாலர் என்றால் அது 1,920 டாலர்.

அதே விலையில் மின்சாரக் கார் என்றால், பலன் வரியிலிருந்து விலக்கு இருப்பதால், 18,000 டாலரும் வரிக்கு முன்பே கழிகிறது. 2025-26ஆம் ஆண்டின் விகிதங்களின்படி, 1,10,000 டாலர் ஈட்டுபவருக்கு 5,760 டாலர் மிச்சம். 2,20,000 டாலர் ஈட்டுபவருக்கு 8,460 டாலர். கார் ஒன்று, அதனால் தவிர்க்கப்படும் புகையும் ஒன்று, ஆனால் அரசு விட்டுக்கொடுக்கும் தொகையில் 2,700 டாலர் வேறுபாடு. விலை உச்சவரம்பும் இந்தச் சாய்வைத் திருத்துவதில்லை. எரிபொருள் சிக்கனமுள்ள கார்களுக்கான 2025-26ஆம் ஆண்டின் ஆடம்பரக் கார் வரி வரம்பான 91,387 டாலர்வரை விலக்கு பொருந்துவதால், விலை உயர உயரச் சலுகையும் உயர்கிறது. சுயதொழில் செய்வோருக்கும், இத்தகைய ஏற்பாட்டை வழங்க விரும்பாத நிறுவனத்தில் பணிபுரிவோருக்கும் எதுவும் கிடைப்பதில்லை. ஏனெனில் சம்பளத்தை விட்டுக்கொடுக்கும் வாய்ப்பு ஊழியரின் சட்ட உரிமை அன்று, நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது.

விலக்கு முழுமையானது என்ற பொதுவான எண்ணமும் சரியன்று. வரி இல்லாவிட்டாலும், பலனின் மதிப்பு 2,000 டாலரைத் தாண்டினால் 1.8868ஆல் பெருக்கப்பட்டு ஊழியரின் வருமான அறிக்கையில் பதிவாகிறது. மேற்சொன்ன காருக்கு அத்தொகை சுமார் 22,642 டாலர். இதற்கு வருமான வரி கிடையாது, ஆனால் கல்விக்கடன் தவணை, குடும்ப உதவித்தொகை, மெடிகேர் கூடுதல் வரி, பிள்ளைப் பராமரிப்புத் தொகை ஆகியவற்றைக் கணிக்கும்போது இது வருமானமாகவே எண்ணப்படுகிறது. வரிக்குரிய வருமானத்திலிருந்து 18,000 டாலர் குறைந்து, கணிப்பு வருமானத்தில் 22,642 டாலர் கூடுவதால், காரை எடுக்காதிருந்தால் இருந்திருக்கும் நிலையைவிட அவ்வருமானம் 4,642 டாலர் மிகுகிறது. பல்கலைக்கழகக் கடன் உள்ளவர், 2025-26இல் 67,000 டாலருக்கும் 1,25,000 டாலருக்கும் இடைப்பட்ட வருமானத்திற்கான 15 விழுக்காட்டு விகிதத்தில், அவ்வாண்டு ஏறத்தாழ 696 டாலர் கூடுதலாகத் திருப்பிச் செலுத்துவார். கடன் விரைந்து தீர்கிறது என்பதால் இது இழப்பாகாது. ஆனால் கைச்செலவுக்கான பணம் குறைகிறது. இந்த இடைவெளி இளம் ஊழியரையும் குழந்தைகள் உள்ள குடும்பத்தையும் தாக்குவது, மேலே காட்டிய சாய்வை மேலும் கூட்டுகிறது.

குத்தகை முடிவில் செலுத்த வேண்டிய மீதி மதிப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒப்பந்தம் உண்மையான குத்தகையாக ஏற்கப்பட, 5 ஆண்டு முடிவில் குறைந்தது 28.13 விழுக்காடு மீதி நிற்க வேண்டும் என்பது வரித்துறையின் அளவுகோல்; காரைத் தம்முடையதாக்க விரும்புபவர் அதை வரி கட்டிய பணத்திலிருந்தே தர வேண்டும்.

விலக்குக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வலுவான காரணம் ஒன்று உண்டு. குத்தகை முடிந்த கார்கள் சில ஆண்டுகளில் பழைய கார் சந்தைக்கு வருகின்றன. புதுக் கார் வாங்க இயலாதவர்க்கு அவை குறைந்த விலையில் கிடைக்கும். இது மெய்யே. எனினும் அதே விளைவை, வாங்குபவரின் வரி விகிதத்தோடு கட்டப்படாத ஒரே அளவான தொகையாலும் பெற முடியும். விக்டோரியாவும் நியூ சவுத் வேல்ஸும் மின்சாரக் கார்களுக்குத் தந்த 3,000 டாலர் மானியம் அந்த வகையைச் சேர்ந்தது. முன்னது 2023 ஜூனிலும் பின்னது அவ்வாண்டின் இறுதியிலும் முடிவுக்கு வந்தன. விலக்கினால் கிடைக்கும் மிச்சத்திற்கு ஒரு காருக்கு இவ்வளவு என்ற நிலையான உச்சவரம்பு விதித்து, அதனால் கிடைக்கும் வருவாயைக் கொண்டு, எந்த நிறுவனத்திலும் பணிபுரியாதவருக்கும் அதே தொகையை மானியமாகத் தருவது, இப்போதுள்ள சட்டத்தைப் பெரிதும் கலைக்காமலே செய்யத்தக்க சீர்திருத்தமாகும்.