விதி என்ற சொல்லும் ஒலுவில் கடற்கரையும்: மனப்பாங்கின் சமூக அடிப்படை பற்றிய ஒரு குறிப்பு

அன்றாட வாழ்வில் மனிதர் கூறும் சிறு சொற்கள் அவர்தம் உலகநோக்கைப் பெரிய தத்துவ நூல்களைக் காட்டிலும் துலாம்பரமாகப் புலப்படுத்துவதுண்டு. ‘விதி’, ‘தலையெழுத்து’, ‘நஸீபு’, ‘அல்லாஹ்வின் நாட்டம்’ ஆகியன கிழக்கிலங்கைக் கரையோர ஊர்களில் நாள்தோறும் செவியிற் படுபவை. இவற்றைக் கேட்கும் வெளியார் பலரும், நம்மவருள் கற்றோர் சிலரும், இம்மக்கள் இயல்பிலேயே விதிவாதிகள், ஆதலால் முயற்சி குன்றியோர் என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுகின்றனர். இம்முடிவு பொருந்துமா என்பதை ஒலுவில் பிரதேசத்தின் வரலாற்றை ஆதாரமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். ஊழ் பற்றிய சிந்தனை தமிழிலே தனித்து நின்றதில்லை. ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருக்குறளே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்துள்ளது. இஸ்லாமிய வரலாற்றிலும் இத்தகைய முரண்பாட்டைக் காணலாம். உமையாக்களின் ஆட்சிக் காலத்திலே, மனிதனுக்குச் செயலுரிமை உண்டென்ற கதரிய்யாக்களும், யாவும் முன்னரே நிர்ணயிக்கப்பட்டவை என்ற ஜபரிய்யாக்களும் வாதிட்டனர். அவ்விவாதம் இறையியல் விவாதம் மாத்திரமன்று. ஆட்சியாளரின் கொடுமையும் இறைவன் விதித்ததே எனின், அதற்கு ஆட்சியாளர் பொறுப்பேற்க வேண்டியதில்லை. ஆகவே, விதி பற்றிய வினா தொடக்கத்திலிருந்தே ‘யார் பொறுப்பு?’ என்னும் அரசியல் வினாவோடு பிணைந்திருந்தது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது நம்பிக்கை வைக்குமாறு கூறும் நபிமொழியை ஒலுவில் மீனவரும் அறிவர். தோணியைக் கரைக்கு இழுத்துக் கட்டாமல் உறங்கச் செல்பவர் அவருள் எவருமிலர்.

அவ்வாறாயின், விதி என்ற சொல் அவர்தம் பேச்சில் இத்துணை இடம்பெறுவதேன்? விடையை அவர்களது உழைப்பின் நிலைமைகளிலேயே தேடுதல் வேண்டும். ஒலுவில், அம்பாறை மாவட்டத்து அட்டாளைச்சேனைப் பிரிவிலே பாலமுனைக்கும் நிந்தவூருக்கும் இடையே அமைந்தது. மேற்கே நெல்வயல், கிழக்கே வங்கக் கடல். வயலிலே, நிலமுடைய போடியாருக்கும் அந்நிலத்திற் பாடுபட்ட வயற்காரருக்கும் இடையிலான உறவே நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது. மழை பொய்ப்பினும் வெள்ளம் பெருகினும் நட்டத்தின் சுமை கீழ்நோக்கியே இறங்கிற்று. கடலிலோ பங்கு முறை. வலையும் தோணியும் உடையவருக்குரிய பங்கு நீங்க எஞ்சியதே வலை இழுத்தவருக்கு. மீன் படாத நாளில் உழைப்பு உண்டு, ஊதியம் இல்லை. முதலாளியிடம் பெற்ற முற்பணம் கடனாகும். அக்கடனே மறுநாளும் அவரை அதே வலைக்கு இட்டுச் செல்லும்.

இத்தகைய வாழ்விலே முயற்சிக்கும் பயனுக்கும் இடையிலுள்ள தொடர்பு அடிக்கடி அறுபடுகிறது. அறுபடும் அந்த இடத்தை நிரப்பும் சொல்லே விதி. அது சோம்பலின் சொல்லன்று. உழைத்தும் பயன் பெறாதவன் தன்னைத் தானே நொந்து அழிந்துபோகாமல் மறுநாளும் கடலுக்குச் செல்ல உதவும் சொல் எனலாம். மதத்தை மக்களின் அபினி என்ற மார்க்ஸின் கூற்றை எடுத்தாள்வோர், அதே பந்தியில் மதத்தை உண்மைத் துன்பத்தின் வெளிப்பாடாகவும் அத்துன்பத்துக்கு எதிரான முறைப்பாடாகவும் அவர் நோக்கியதை மறந்துவிடுவதுண்டு. முற்போக்காளர் எனப்படுவோரிடத்தும் இம்மறதி உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

குடியேற்ற ஆட்சியாளர் இவ்வெளித் தோற்றத்தையே மக்களின் இயல்பெனக் கொண்டனர். மலாய், ஜாவா, பிலிப்பைன்ஸ் மக்கள்மீது சுமத்தப்பட்ட ‘சோம்பேறிச் சுதேசி’ என்னும் படிமம், குடியேற்ற முதலாளித்துவத்தின் உழைப்புத் தேவையிலிருந்து பிறந்தது என்பதைச் சையத் ஹுசைன் அலதாஸ் 1977 இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். குடியேற்ற ஆட்சி நீங்கிய பின்னரும் இப்படிமம் மறையவில்லை. உளவியலின் மொழியிலே புத்துரு எடுத்தது. 1966 இல் அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் றொட்டர், தம் வாழ்வைத் தாமே நெறிப்படுத்துவதாகக் கருதுவோர், புறச்சக்திகளே அதனை நெறிப்படுத்துவதாகக் கருதுவோர் என மனிதரை வேறுபடுத்தி அளக்கும் அளவுகோலொன்றை வகுத்தார். அதிட்டம், விதி, அதிகாரமுடைய பிறர் ஆகிய யாவும் ‘புறச்சக்தி’ என்னும் ஒரே கூடைக்குள் இடப்பட்டன.

இதிலுள்ள குறைபாட்டை 1969 இல் பற்றீஷியா குரினும் அவரது சகாக்களும் அமெரிக்கக் கறுப்பின மாணவரிடையே நடத்திய ஆய்வு வெளிப்படுத்தியது. தமது இனத்தவரின் தாழ்நிலைக்குத் தனிமனிதரின் குறைகளைக் காரணமாகக் கொள்ளாது சமூக அமைப்பைக் காரணமாகக் கொண்டோரே கூட்டுச் செயலில் ஈடுபடக் கூடுதலாக முன்வந்தனர். அதாவது, ‘காரணம் என்னிடம் இல்லை’ என்று கூறுவோர் யாவரும் ஒருதரத்தினர் அல்லர். காரணத்தை வானத்தில் வைப்பதும் அமைப்பில் வைப்பதும் வேறுவேறான மனநிலைகளாகும்.

மனப்பாங்கு நிலைமையோடு மாறும் என்பதற்கு இம்மாவட்டத்திலேயே தக்க சான்றொன்றுண்டு. 1949 இல் அமைக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபையின் கீழ் இங்கினியாகலையில் அணை எழுந்தது. சேனாநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. முப்பது ஆண்டுகளின் பின் அதன் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்து கிடந்தன. அங்குள்ள விவசாயிகள், பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள், ஒத்துழைக்கத் தெரியாதவர்கள், நீருக்காகச் சண்டையிடுபவர்கள் என்றே அதிகாரிகள் கருதினர். 1981 இல் கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் கோர்ணெல் பல்கலைக்கழகமும் இணைந்து, விவசாயிகளோடு வாழ்ந்து அவர்களை ஒழுங்கமைக்கும் இளைஞர்களை அங்கு அனுப்பின. நீர்த்தேக்கத்தில் கால்பங்களவே நீர் இருந்த பருவம் அது. சில வாரங்களுக்குள் விவசாயிகள் நெடுங்காலம் துப்புரவு செய்யப்படாத வாய்க்கால்களைக் கூடித் துப்புரவு செய்தனர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். கடைக்கோடியில் இருந்தோருக்கு நீரை விட்டுக்கொடுத்தனர். நோர்மன் அப்ஹோப் இவ்வனுபவத்தைப் பின்னர் (1992) நூலாக எழுதினார். ஒரு பருவத்துக்குள் மக்களின் இயல்பு மாறிவிடுமா? மாறியது இயல்பன்று. தம் செயலுக்குப் பயன் உண்டு என்று நம்புதற்கு ஏதுவான சூழ்நிலை தோன்றியது என்பதே உண்மை.

இப்பின்னணியிலேயே ஒலுவில் கடற்கரையின் அண்மைய அனுபவத்தை நோக்குதல் வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையின் மாவட்டங்களுள் மிகக் கூடிய உயிரிழப்பைக் கண்டது அம்பாறையாகும். அப்பேரழிவை மக்கள் இறைவனின் சோதனை என்றனர். எவரும் முன்கூட்டி அறிவிக்காத, எவராலும் தடுத்திருக்க முடியாத அலைக்கு அதனின் வேறான பெயர் அவர்களிடம் இருக்கவில்லை. அப்பெயரோடுதான் அவர்கள் இறந்தோரை அடக்கினர். அப்பெயரோடுதான் மீண்டும் கடலுக்குச் சென்றனர்.

நான்கு ஆண்டுகளின் பின்னர், 2008 இல், டென்மார்க்கின் கடனுதவியுடன் ஒலுவில் துறைமுக வேலைகள் தொடங்கின. 2013 செப்டெம்பர் 1 ஆம் திகதி அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச அதனைத் திறந்துவைத்தார். கிழக்குக் கரையிலே ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் மணல் வடக்கு நோக்கியே நகர்கிறது. துறைமுகத்தின் அலைத்தடுப்பு அணைகள் அந்நகர்வை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. துறைமுக வாயில் மணலால் அடைபட்டது. மணல் வரவு அற்ற வடபுறத்தைக் கடல் அரித்தது. தென்னந்தோப்புகளும் தோணி இழுக்கும் கரையும் மறைந்தன. அரிப்பு நிந்தவூர்ப் பக்கமும் நீண்டது.

மனங்கொள்ளத்தக்கது யாதெனில், கரையைத் தின்றதும் அதே கடல்தான். ஆயினும் இம்முறை மக்கள் விதி என்று அமையவில்லை. துறைமுகம் என்றனர். வீதிக்கு இறங்கினர், நட்டஈடு கோரினர், கல்லணை கேட்டனர். 2004 இல் சோதனை என்று கூறியோரும் இவர்களே. பிற்காலத்தில் பொறுப்பாளியைத் தேடியோரும் இவர்களே. நம்பிக்கை மாறவில்லை, தொழுகை குறையவில்லை. இயற்கையின் செயலையும் மனிதரின் செயலையும் வேறுபிரித்தறியும் ஆற்றல் அவர்களிடம் எப்பொழுதும் இருந்தது. காரணம் கண்ணுக்குப் புலப்பட்டபொழுது அவ்வாற்றல் வெளிப்பட்டது.

இவ்வெழுச்சியை மிகைப்படுத்தலும் தவறாகும். வாயில் மணலை அகற்றினாலன்றிப் படகு செலுத்த முடியாதென மீனவர் ஒரு சாராரும், கரையைக் காக்காது மணல் அகற்றலாகாதென நிலமிழந்தோர் மறுசாராருமாகப் பிரிந்து நின்ற காலமும் உண்டு. இரு சாராரின் நட்டமும் ஒரே திட்டத்தின் விளைவே. ஆயினும் அத்திட்டத்தை வகுத்தோர் அக்கரையில் இல்லை. எதிரே நின்றவரோ அயலூரார். காரணத்தை அறிவது போராட்டத்தின் தொடக்கமே அன்றி முடிவன்று.

இதுவரை கூறியவற்றால் பெறப்படுவது இதுவே. விதிவாதம் ஒரு மக்கட் கூட்டத்தின் பிறவிக்குணம் அன்று. தம் உழைப்பின் நிலைமைகள்மீது அவர்களுக்கிருந்த ஆட்சியின் அளவை அது காட்டுகிறது. ஆகவே, ‘இம்மக்கள் ஏன் விதியை நம்புகின்றனர்?’ என்னும் வினாவை இடம்மாற்றிக் கேட்டல் வேண்டும்: மனிதர் வகுத்த திட்டத்தின் அழிவை விதியென மக்கள் ஏற்றுக்கொண்டால் நன்மையடைவோர் யாவர்? துறைமுகத்துக்கு அண்மையிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. மக்களின் மனப்பாங்கை அளக்க அளவுகோல் ஏந்திச் செல்லும் ஆய்வாளர், முதலில் அக்கரையின் மணலை யார் எங்கே மறித்தனர் என்பதை அளந்து வருதல் நன்று. அக்கணக்கு மக்களின் கையிற் சேருமாயின், விதி என்ற சொல் அதற்குரிய இடத்துக்குத் தானே ஒதுங்கிக்கொள்ளும்.