பொறி

நெருப்பின் துளியும் பொறி. பதிந்த அடையாளமும் பொறி. சோழரின் புலிப்பொறியும் கல்லில் பொறித்த எழுத்தும் இரண்டாம் பொருளில் வருபவை. இரண்டும் ஒரே சொல்லில் குடியிருக்கும் அழகை மின்சாரத்தில்தான் கண்ணால் பார்க்கிறோம்.

சேலம்–ஜோலார்பேட்டை ரயில் பாதையில் சாமல்பட்டி. தலைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி. கம்பத்தோடு ஒட்டாமல் அதைத் தாங்குவது பீங்கான். உலர்ந்த காற்றில் பொறி ஒரு சென்டிமீட்டர் தாண்டவே ஏறக்குறைய 30,000 வோல்ட் வேண்டும். ஆனால் பீங்கான்மேல் தூசி படிந்து, விடிகாலைப் பனி அதை நனைத்தால் கதை வேறு. ஈரப்படலத்தில் கசியும் மின்னோட்டம் படலத்தைச் சூடாக்கி, ஓரிடத்தை மட்டும் உலர்த்திவிடும். மின்னழுத்தம் பெரும்பாலும் அந்த மெல்லிய உலர்வளையத்தில் குவிய, பொறி தாவும். பொறிகள் கைகோத்தால் கம்பி முதல் கம்பம் வரை தீச்சரம்தான். பீங்கானுக்குக் குடை குடையாய் மடிப்பு வைப்பது மின்னோட்டம் கசியும் வழியை நீட்டத்தான்.

1777-இல் ஜெர்மானிய அறிஞர் லிக்டன்பர்க், மின்னேற்றிய பிசின் தட்டில் தூசி படிந்து கிளைவிட்ட நட்சத்திரங்களாவதைக் கண்டார். பொறி பொறித்த பொறி! பிளாஸ்டிக் மின்காப்புகளில் அதே கிளைகள் கருகிய கோடுகளாகப் பதிகின்றன.